படுக்கையில் அம்மா: யார் பணம் கட்டுவது?

கேள்வி: உச்சிப்புளி எங்கள் ஊர். நான் துபாயில் வேலை பார்க்கிறேன். பக்கவாதம் வந்து 72 வயது அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். நர்சுகள் இருக்கிற முதியோர் இல்லத்தில் சேர்த்தால், 5 லட்ச ரூபாய் காப்பீட்டு அட்டையில் செலவு அடங்குமா? வீட்டை எழுதிக் கொடுத்தால் தானே பார்த்துக்கொள்வதாகச் சித்தி மகன் சொல்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: அடங்காது. 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த எல்லாருக்கும் வந்த ஆயுஷ்மான் அட்டையானாலும் சரி, முதலமைச்சர் காப்பீடானாலும் சரி, ஆஸ்பத்திரி சிகிச்சைக்குத்தான் பணம் தரும். டயப்பர் மாற்ற, கஞ்சி புகட்ட, முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வைத்தால், அந்தக் கூலி உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். ஜப்பானில் இதற்கென்றே 2000-இல் தனிக் காப்பீடு வந்துவிட்டது. இங்கே முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அது டயப்பருக்கே காணாது, அதுவும் ஆதரவற்றவர்களுக்குத்தான்.

அறக்கட்டளைகளும் கன்னியர் மடங்களும் நடத்தும் இலவச இல்லங்கள் நன்கொடையிலும் மானியத்திலும் ஓடுகின்றன. துபாயில் சம்பாதிக்கும் மகன் இருக்கும்போது அங்கே இடம் கேட்பது நியாயமில்லை. கட்டண இல்லங்களைக் கம்பெனிகளும் டாக்டர்களும் பெரிய நகரங்களில் நடத்துகிறார்கள். அவர்கள் சொல்லும் மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள். டயப்பர், மருந்து, பிசியோதெரபி எல்லாம் தனி பில்லா, அட்வான்ஸ் திரும்புமா என்று எழுத்தில் வாங்குங்கள். வருமான வரிப் பதிவுள்ள அறக்கட்டளை நடத்தும் கட்டண இல்லமானால், தங்கல், சாப்பாடு, பராமரிப்பு சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. கிடையாது.

அதற்கு முன், உச்சிப்புளி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவையுங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள். காசு கிடையாது.

வீட்டு விஷயத்தில் அவசரம் வேண்டாம். எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், ‘கடைசிவரை பராமரிப்பேன்’ என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டும். அப்போதுதான், கைவிட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கோரி ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வலு இருக்கும். வாய்வார்த்தையை நம்பிக் கொடுத்துவிட்டுப் பின்னால் அலைகிறவர்கள் நிறைய. அம்மா விஷயம் தெரிந்து கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கிறாரா என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

என் யோசனை, வீடு அம்மா பேரிலேயே இருக்கட்டும். சித்தி மகன் உண்மையிலேயே பார்த்துக்கொள்வான் என்றால், மாதம் இவ்வளவு என்று பேசி அவன் கணக்குக்கு அனுப்புங்கள்.