ஊர் பேச்சும் அரசன் தீர்ப்பும்

டோபி காட் எம்ஆர்டியில் தினமும் ரயில் மாறுகிறோம். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சிருக்கோமா? ‘டோபி’ என்றால் சலவைத் தொழிலாளி, ‘காட்’ என்றால் படித்துறை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள்.

சலவைத் தொழிலாளி என்றதும் நம்மில் பலருக்கு ராமாயணக் கதை ஒன்று நினைவுக்கு வரும். அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் இந்த மாதக் கேள்வி: விளையாட்டு வீரர் ஒருவர் மைதானத்துக்கு வெளியே, சட்டத்தை மீறாமல் ஏதோ செய்கிறார். நமக்கு அது பிடிக்கவில்லை. அதற்காக விளையாட்டு அமைப்பு அவரைத் தண்டிக்கலாமா?

மூன்று சம்பவங்கள்

முதலில் நம்ம ஊர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் சிங்கப்பூருக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தவர் ஜோசப் ஸ்கூலிங். 2022 மே மாதம் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிக்காக, தேசிய சேவையிலிருந்து தற்காலிக விடுப்பு பெற்று வியட்நாம் போனபோது கஞ்சா பயன்படுத்தியதாக அவரே ஒப்புக்கொண்டார். சிறுநீர்ப் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது. ஆறு மாதம் கண்காணிப்போடு சிறுநீர்ப் பரிசோதனை என்றும், சேவைக் காலத்தில் பயிற்சிக்கும் போட்டிக்கும் இனி விடுப்பு கிடையாது என்றும் முடிவானது. சிலர் கேட்டார்கள்: “வெளிநாட்டுல செஞ்சதுக்கு இங்க எதுக்குத் தண்டனை?” சிங்கப்பூரர் வெளிநாட்டில் போதைப்பொருள் பயன்படுத்தினாலும் இங்கே குற்றம்தான். சட்டம் முன்னாடியே அப்படித்தான் இருக்கிறது. அதனால் இது நம் கேள்விக்குள் வராது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இதைச் சொன்னேன்.

இரண்டாவது, அமெரிக்க ஓட்டக்காரர் ஷா’காரி ரிச்சர்ட்சன். 2021 ஜூனில் ஒரிகன் மாநிலத்தில் நடந்த ஒலிம்பிக் தேர்வில் 100 மீட்டரில் முதலிடம் பிடித்தார். பெற்ற தாய் இறந்த செய்தி கேட்ட துயரத்தில் கஞ்சா பயன்படுத்தியதாகச் சொன்னார். ஒரிகனில் வயது வந்தவர்களுக்கு அது சட்டப்படி குற்றமல்ல. ஆனால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில், போட்டி நேரத்தில் தடை செய்யப்பட்ட பொருள்களில் அதுவும் உண்டு. ஒரு மாதத் தடை விழுந்தது. தேர்வில் பெற்ற வெற்றி ரத்தானது, தோக்கியோவில் ஓட முடியவில்லை.

அந்தப் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்க்க மூன்று அளவுகோல்கள் உண்டு: திறனைக் கூட்டுமா, உடலைக் கெடுக்குமா, விளையாட்டின் மாண்புக்கு எதிரானதா. மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும். முதல் இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் அளக்கலாம். மூன்றாவதை எந்தக் கருவியால் அளப்பது? என் குழப்பம் அங்கேதான். ஆனாலும் விதி எழுத்தில் இருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது. விதி தப்பு என்றால் விதியை மாற்றச் சொல்லிப் போராட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, நம் மாரத்தான் வீரர் சோ ருய் யோங். 2015, 2017 இரண்டு தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளிலும் தங்கம் வென்றவர். 2019 போட்டிக்குத் தடகளச் சங்கம் அவர் பெயரை முன்மொழிந்தது. சிங்கப்பூர் தேசிய ஒலிம்பிக் மன்றம் ஏற்கவில்லை. வீரர்களிடம் தாங்கள் எதிர்பார்க்கும் நடத்தைத் தரத்துக்குக் குறைவாக அவர் பல முறை நடந்துகொண்டார் என்பது மன்றம் சொன்ன காரணம். 2015 பந்தயத்தில் சக வீரர் ஆஷ்லி லியூ மற்றவர்களுக்காக வேகத்தைக் குறைத்தார் என்று பாராட்டப்பட்டதை சோ வெளிப்படையாக மறுத்து வந்த காலம் அது. லியூ அவதூறு வழக்குப் போட்டார். 2021ல் தீர்ப்பு சோவுக்கு எதிராக வந்தது.

இங்கே நின்று யோசிப்போம். பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போனார், சாட்சி விசாரணை நடந்தது, நியாயம் கிடைத்தது. அதுதான் சரியான வழி. ஆனால் ‘எதிர்பார்க்கும் தரம்’ என்ற சொல்லுக்கு எல்லை எங்கே? நாட்டின் கொடியைச் சட்டையில் அணிவது உரிமை இல்லை, பெருமை. அதைக் கொடுப்பவர்கள் நிபந்தனை போடலாம் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் அந்த நிபந்தனை வீரருக்கு முன்னாடியே தெளிவாகத் தெரிய வேண்டாமா?

ராமாயணம் காட்டுவது

இப்போது அந்தக் கதை. சலவைத் தொழிலாளி ஒருவர் சீதையைப் பற்றித் தவறாகப் பேசியதால் ராமபிரான் அவளைக் காட்டுக்கு அனுப்பினார் என்று கேட்டிருப்போம். வால்மீகியின் உத்தர காண்டத்தில் சலவைத் தொழிலாளியே இல்லை! ஊரில் பேசிக்கொள்வதை பத்ரன் என்பவர் அரசனிடம் சொல்கிறார், அவ்வளவுதான். பிறகு வந்த கதைகள்தான் ஒரு ஏழைத் தொழிலாளியைக் கொண்டுவந்து நிறுத்தின. ஏன்? பழியைக் கீழே இறக்கி வைப்பது சுலபம். ஊர் ஆயிரம் பேசும், தீர்ப்பு சொல்வது அரசன்.

சீதை குற்றமற்றவள் என்று ராமனுக்குத் தெரியும். அரச குலத்தின் பெயருக்காகவே அனுப்பினார். வேறு மணம் செய்யாமல், அசுவமேத யாகத்தில் சீதையின் பொற்சிலையை வைத்தார். அவர் பட்ட வேதனை சாதாரணமில்லை. ஆனால் ஊர் பேச்சு நின்றதா? பல ஆண்டு கழித்து அவளை மறுபடியும் சபையில் நிரூபிக்கச் சொன்னார்கள். அவள் பூமித்தாயிடம் போய்விட்டாள். கம்பர் தன் காவியத்தை முடிசூட்டு விழாவோடு முடித்துவிட்டார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

எனக்குக் கிடைத்த பாடம் இது: ஊர் வாயை மூடுவதற்காகக் கொடுக்கும் தண்டனை ஊர் வாயை மூடாது. திருக்குறளில் ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரம், முறையாக ஆராய்ந்து, அந்தத் தவறு மறுபடி நடக்காத அளவுக்கு மட்டும் தண்டிக்கச் சொல்கிறது. தவறே இல்லாத இடத்தில் எதைத் தடுப்பது?

மூன்று சோதனைகள்

எங்கள் பொறியியல் வகுப்பில் கணக்குப் போடும் முன் எல்லைக்கோடு வரையச் சொல்வார்கள். எது உள்ளே, எது வெளியே என்று தெரியாமல் போட்ட கணக்கு தப்பாகத்தான் வரும். இங்கேயும் அப்படித்தான்:

1. விதி முன்னாடியே எழுதப்பட்டு, அவருக்குத் தெரிந்திருந்ததா?
2. அந்தச் செயல் ஆட்டத்தையோ இன்னொரு மனிதரையோ உண்மையில் பாதித்ததா?
3. அவர் பேச்சைக் கேட்டார்களா? தண்டனை தவறின் அளவுக்கு இருக்கிறதா?

மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் தண்டிக்கலாம். ‘எங்களுக்கு வெட்கமா இருக்கு’ என்பது மட்டும் காரணம் என்றால், கைதட்டாமல் இருக்கலாம், போஸ்டரைக் கழற்றலாம். ஓடும் உரிமையைப் பறிக்கக் கூடாது.

இது வீரர்களுக்கு மட்டுமான பேச்சு இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குழுவில், சின்னப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித் தந்த ஒரு அக்காவை, நண்பர் பிறந்தநாள் விருந்தில் எடுத்த ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றியதால் வர வேண்டாம் என்றார்கள். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பெற்றோர் என்ன சொல்வாங்க?” என்பதுதான் காரணம். நானும் அங்கே இருந்தேன், வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் இன்னும் “அக்கா எப்ப வருவாங்க?” என்று கேட்கிறார்கள்.

கலந்துபேச

• உங்கள் குழுவில் தொண்டூழியர்களுக்கான நடத்தை விதி எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் யார் எழுதுவது?

• தெரிந்தவர் ஒருவரின் படம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அதை மற்றவருக்கு அனுப்புவீர்களா, அவரிடம் பேசுவீர்களா?

• அந்த அக்காவின் இடத்தில் உங்கள் சொந்தத் தங்கை இருந்தால், மூன்று சோதனைகளுக்கும் உங்கள் பதில் மாறுமா? மாறினால் ஏன்?