குதிரைக் காய்ச்சலும் தடுப்பூசியும்

மைசூர் என்றதும் நம் நினைவுக்கு வருவன தசராவும் அரண்மனையும். ஆனால், குதிரை நோய்களை ஆராயும் அறிஞர்க்கு மைசூர் என்பது ஒரு வைரசின் பெயருமாகும். 2008-ஆம் ஆண்டில் அங்கே நோயுற்ற குதிரையிலிருந்து பிரித்தெடுத்த இன்புளுயன்சா வைரசுக்கு அவ்வூரின் பெயரே சூட்டப்பட்டது. பெங்களூரில் பயிலும் நாம் அதைப்பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

இந்நோய் கண்ட குதிரைக்குக் கடுஞ்சுரமும் வறட்டு இருமலும் மூக்கொழுகலும் உண்டாகும். ஒன்றுக்கு வந்தால் லாயம் முழுவதும் விரைந்து பரவும். பெரும்பாலானவை பிழைத்துவிடும்; ஆயினும் வாரக்கணக்கில் ஓய்வு தரவேண்டும். குதிரையை நம்பி வாழும் ஏழைக்கு அந்த ஓய்வு பட்டினியாகும்.

தடுப்பூசி போட்டால் போதாதா என்று கேட்கலாம். வைரசின் மேற்புறத்தில் முட்களைப்போல் ஒரு புரதம் நிற்கிறது. அதற்கு ஹீமக்ளுட்டினின் என்று பெயர். தடுப்பூசி இம்முட்களைத்தான் குதிரையின் உடலுக்கு அடையாளம் காட்டுகிறது. ஆனால், வைரஸ் பெருகப் பெருக முட்களின் வடிவம் சிறிது சிறிதாக மாறுகிறது. திருடனின் பழைய படத்தைக் காவலனிடம் கொடுத்துவைத்தோம். திருடனோ மீசையை மழித்துவிட்டான்! அந்நிலைதான் இது.

இதில் வேறோர் ஆபத்தும் உண்டு. பொருந்தாத தடுப்பூசி போட்ட குதிரை நலமாகவே தோன்றும். ஆனால் அதன் மூச்சுக்காற்றில் வைரஸ் வெளிப்பட்டுக்கொண்டிருக்கும். 2003-இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் தடுப்பூசி போட்ட பந்தயக் குதிரைகளிடையேயே நோய் பரவியது.

நம் நாட்டு வரலாறும் இதையே காட்டுகிறது. 1987-இல் நோய் பரவியபோது லூதியானாவில் கிடைத்த வைரசைக்கொண்டு ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் தடுப்பூசி செய்தது. 2008 ஜூனில், வைஷ்ணவதேவி யாத்திரிகரைச் சுமக்கும் மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும் வாழும் கத்ராவில் நோய் மீண்டும் தோன்றிப் பல மாநிலங்களுக்கும் பரவியது. இப்போது வந்தது ‘புளோரிடா இரண்டாம் பிரிவு’ என்னும் வேறு வகை. 21 ஆண்டுகளில் முகம் மாறிவிட்டது! ஆகவே, அம்மையம் கத்ரா வைரசைக்கொண்டு புதிய தடுப்பூசியை உருவாக்கியது.

எந்த வைரசைத் தேர்ந்தெடுப்பது? அறிஞர் மூன்றைக் காண்பர். முதலாவது, மரபணுவில் நேர்ந்த மாற்றம். இரண்டாவது, பழைய வைரசுக்கு எதிராக உண்டான சீரம் புதியதைத் தடுக்கிறதா என்னும் சோதனை. மூன்றாவது, தடுப்பூசி போட்ட குதிரைகளும் நோயுறுகின்றனவா என்னும் களச்செய்தி. இவற்றை உலக விலங்குநல அமைப்பின் வல்லுநர் குழு ஆராய்கிறது. 2010-இல் அக்குழு, புளோரிடாவின் இரு பிரிவுகளையும் தடுப்பூசியில் சேர்க்குமாறு பரிந்துரைத்தது.

இத்தனைக்கும் அடிப்படை, இருமும் குதிரையின் மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுக்கும் சிறிது சளியே. ஹெப்பாளில் கால்நடை மருத்துவம் பயிலும் நம் நண்பர்கள் நாளை ஏதோ ஒரு லாயத்தில் நிற்கும்போது இதை மறவாதிருப்பார்களாக. அந்தச் சளியை உரிய காலத்தில் ஆய்வுக்கு அனுப்பாவிடில், அடுத்த தடுப்பூசியும் பழைய படத்தைத்தான் காட்டும்.