போர்முறை மாற்றமும் ஆடுவோர் வழக்கும்

வெட்சிக்குக் கரந்தையும் உழிஞைக்கு நொச்சியும் எதிர்நிற்றலை நாம் புறத்திணையிற் பயில்கின்றோம். ரூன்ஸ்கேப் என்னும் இணைய விளையாட்டிலும் அத்தகைய எதிர்நிலை உண்டு: வாள் வில்லையும், வில் மந்திரத்தையும், மந்திரம் வாளையும் வெல்லும்.

2012 நவம்பரில், அதனை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனத்தார் போர்முறையை அடியோடு மாற்றினர். பல்லாண்டு பயின்ற திறம் ஒரு நாளிற் பயனற்றதாயிற்றென வெகுண்டு விலகினோர் பலர். அதன்பின், 2013இல் வாக்கெடுத்து, 2007ஆம் ஆண்டின் பழைய வடிவைத் தனியே மீட்டளித்தனர். அதன்கண் புதியது புகுதற்கு நூற்றுக்கு 75 வாக்கு வேண்டுமென விதித்துப் பின்னர் 70 ஆகத் தளர்த்தினர்.

உழைத்தோரைக் கேளாது விதி மாற்றுதல் முறையன்றென்பதே நம் துணிபு. ஒரகடத்துத் தொழிற்சாலையில் இரவுப்பணி புரியும் நம் நண்பரோ, “வலிய வில்லுடையான் அதன் வலி குறைய வாக்களிப்பானோ?” என நகைத்தார். விடை கூற நாம் இடர்ப்பட்டோம். அது கருதியே போலும், சமன்செய்யும் திருத்தங்கள் சிலவற்றை நிறுவனத்தார் வாக்கின்றியே இயற்றினர். வழக்கும் மீண்டும் எழுந்தது.