பில் தொலைந்தால் பொருளும் போச்சா?

மாத்தளைக் கடைவீதியில் வாங்கிய கேத்தல் ஒரு கிழமைக்குள் பழுது, பில்லையும் காணோம். வாங்கியதை வேறு வழியிலும் காட்டலாம்: அட்டையில் காசு கட்டியிருந்தால் வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி, உத்தரவாத அட்டையில் கடை முத்திரை, பெட்டியிலுள்ள தொடரிலக்கம். பெட்டியை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிடுகிறோமே, அதுதான் வினை.

கூட்டமில்லாத நேரம் போய் முதலாளியிடமே பேசுங்கள். வேலைக்கு நிற்கும் பையனோடு சண்டை பிடித்துப் பயனில்லை. அவர் மசியாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி 3 மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.

கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பதும் அதே சட்டப்படி வியாபாரியின் கடமை. கூச்சப்படாமல் கேட்டு வாங்கி, கடையிலேயே கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். இயந்திர பில்லில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.