தேசியச் சிறுபான்மையினரும் நாடு கடந்த சட்டமும்

சிறுபான்மையினர் பாதுகாப்பு என்றதும் நம் மாணவர்களுக்கு அரசியலமைப்பின் 29, 30 ஆம் விதிகள் நினைவுக்கு வரும். அவ்வுரிமைகள் மீறப்படின் உச்ச நீதிமன்றத்தை நேரே அணுக 32 ஆம் விதி வழி செய்கிறது. ஆனால் நாட்டின் உச்ச நீதிமன்றமும் கைவிட்டால் அடுத்து எங்கே செல்வது? இக்கேள்விக்கு விடை காணும் முயற்சியே ஐரோப்பாவில் நாடு கடந்த சட்டமாக வளர்ந்தது. அரசுகள் தம் இறைமையின் ஒரு கூற்றை ஒப்பந்தத்தின் மூலம் விட்டுக்கொடுத்து, தமக்கு மேற்பட்ட ஓர் அமைப்பின் தீர்ப்புக்குக் கட்டுப்பட இசைவதே இதன் அடிப்படையாகும்.

முதல் உலகப் போருக்குப் பின் எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது பல இனத்தார் அயலார் ஆட்சியில் சிறுபான்மையினராயினர். 1919 இல் போலந்துடனும், பின்னர் வேறு பல நாடுகளுடனும் சிறுபான்மையினர் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டு, சர்வதேச சங்கம் அவற்றுக்குக் காவலாக வைக்கப்பட்டது. எனினும் பாதிக்கப்பட்டோர் அனுப்பும் விண்ணப்பம் வெறும் தகவலாகவே கருதப்பட்டது. கவுன்சிலில் உறுப்பினரான ஒரு நாடு அதனை எடுத்துப் பேசினாலன்றி வழக்கு எழாது. எந்த நாடுதான் அண்டை நாட்டின் பகையை எளிதில் தேடிக்கொள்ளும்? 1934 இல் போலந்து இக்கண்காணிப்புக்கு ஒத்துழைக்க மறுத்தபோது, சங்கத்தால் செய்யக்கூடியது அதிகமில்லை.

அக்காலம் நமக்கு விட்டுச் சென்ற ஒரு நற்கருத்தும் உண்டு. 1933 இல் அல்பேனியா தனியார் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. எல்லோர் பள்ளியும் மூடப்பட்டதால் கிரேக்கச் சிறுபான்மையினருக்குத் தனியே அநீதி இல்லை என்பது அதன் வாதம். சட்டத்தில் மட்டுமன்றி நடைமுறையிலும் சமத்துவம் வேண்டும் என்று கூறி, நிரந்தர சர்வதேச நீதிமன்றம் 1935 இல் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. அகமதாபாத் தூய சேவியர் கல்லூரி வழக்கில் (1974) நம் உச்ச நீதிமன்றத்தில் இக்கருத்து எடுத்தாளப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் முறை மாறியது. 1950 இல் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையின் கீழ், தனி மனிதரே தம் அரசுக்கு எதிராக ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தை நாடும் வழி படிப்படியாகத் திறந்தது. தேசியச் சிறுபான்மையினருக்கென்றே 1998 இல் நடைமுறைக்கு வந்த வரைச்சட்டக உடன்படிக்கையிலோ அரசுகள் அறிக்கை அளித்தால் போதும். தனி முறையீட்டுக்கு இடமில்லை. ஆகவே வலுவான வழக்குகள் பழைய உடன்படிக்கையின் வழியாகவே வருகின்றன.

அவற்றுள் பொருளியல் மாணவர்கள் கருத்தூன்றிப் படிக்கத்தக்க வழக்கு ஒன்று உண்டு. செக் குடியரசின் ஆஸ்திராவா நகரில் ரோமா இனக் குழந்தைகள் 18 பேர், 1996 முதல் 1999 வரையிலான காலத்தில், மனவளர்ச்சி குன்றியோருக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் பயனின்றி, அவர்கள் 2000 இல் ஸ்ட்ராஸ்பர்க் சென்றனர். இனத்தைக் குறிப்பிடும் சட்டம் எதுவும் இல்லை, தேர்வு முறை எல்லோருக்கும் ஒன்றே, பெற்றோரும் ஒப்பமிட்டிருந்தனர். பாகுபாட்டை எவ்வாறு மெய்ப்பிப்பது?

எண்களே சாட்சியாயின. நகரின் தொடக்கப் பள்ளி மாணவருள் ரோமா இனத்தவர் 2.26 விழுக்காடே, சிறப்புப் பள்ளிகளிலோ 56 விழுக்காடு. ரோமா குழந்தைகளில் 50.3 விழுக்காட்டினரும், பிறரில் 1.8 விழுக்காட்டினருமே அங்கு அனுப்பப்பட்டனர். இவ்விவரம் தலைமையாசிரியர்களுக்கு வினாப் படிவம் அனுப்பித் திரட்டப்பட்டதாகும். அதிகாரபூர்வமான இனவாரிப் புள்ளிவிவரம் இல்லை என்றது அரசு. கணக்கெடுக்காத குறையைத் தனக்கு அரணாக்கிக்கொள்ளும் இப்போக்கு அலுவலர்களாகிய நமக்குப் புதிதன்று.

2006 இல் சிற்றமர்வு முறையீட்டைத் தள்ளியது. ஆயினும் 2007 நவம்பர் 13 அன்று பேரமர்வு, 13 க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதனை மாற்றியது. இத்தகைய எண்கள் முன்வைக்கப்பட்டபின், வேறுபாட்டுக்குத் தக்க காரணம் காட்டும் பொறுப்பு அரசுடையது. பெற்றோரின் ஒப்பம் பாகுபாட்டை நியாயமாக்காது என்று அது தீர்த்தது. ஒவ்வொருவருக்கும் 4,000 யூரோ இழப்பீடு விதிக்கப்பட்டது.

பணம் தருவது எளிது. பள்ளியை மாற்றுவதே கடினம். சிறப்புப் பள்ளி என்ற பெயர் 2005 இலேயே சட்டத்திலிருந்து நீங்கியிருந்தது. ஆயின் குறைத்த பாடத்திட்டம் வேறு பெயரில் தொடர்ந்தது. தீர்ப்பின் நிறைவேற்றத்தைக் கண்காணிக்கும் அமைச்சர்கள் குழு மீண்டும் மீண்டும் வலியுறுத்த இயலுமேயன்றி, பள்ளியின் கதவைத் தானே திறக்க இயலாது. இந்நிலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கை ஓரளவு நீண்டது. 2000 ஆம் ஆண்டின் இனச் சமத்துவ நெறியாணையை மீறியதாக ஒன்றிய ஆணையம் 2014 இல் செக் குடியரசின் மீது நடவடிக்கை தொடங்கியது. அவ்வாணையை மீறும் உறுப்பு நாட்டின் மீது முடிவில் அபராதமும் விதிக்கப்படலாம். 2016 செப்டம்பரில் அந்தத் தனிப் பாடத்திட்டம் கைவிடப்பட்டது. வழக்குத் தொடுத்த 18 பேரும் அதற்குள் பள்ளிப் பருவத்தைக் கடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.