கழிவுநீர்த் தொட்டியும் பொது நிலமும்

கேள்வி: என் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி என் சொந்த விஷயம், அதில் மாநகராட்சி தலையிடுவானேன்?
– ஒரு வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: தொட்டி தங்கள் மனைக்குள் இருக்கலாம், ஆயினும் அதன் கசிவு அடுத்த வீட்டுக் கிணற்றைக் கெடுப்பதாலும், லாரி உறிஞ்சிச் சென்ற கசடு இரவோடிரவாக வேகவதிக் கரைப் புறம்போக்கிலோ மஞ்சள் நீர்க் கால்வாயிலோ கொட்டப்பட்டால், திருமுக்கூடலில் பாலாற்றோடு சங்கமிக்கும் அந்நதியை நம்பிய ஜனங்களுக்கும் தீங்கு நேர்வதாலும், அது சொந்த விஷயம் என்ற எல்லையைத் தாண்டிப் பொதுஜன சுகாதாரத்தைச் சேர்ந்ததாகிவிடுகிறது.

இக்காரணம் பற்றியே, தமிழக அரசு 2014-இல் வகுத்த கசடு கழிவு மேலாண்மை வழிமுறைகள், தொட்டிகளின் அமைப்பைப் பரிசோதித்தல், காலக்கிரமத்தில் கசடகற்றுவித்தல், அதைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே சேர்ப்பித்தல் ஆகியவற்றை உள்ளாட்சி ஸ்தாபனங்களின் பொறுப்பாக்கின. 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சியும் இதற்கு விலக்கல்ல.

இன்னொரு நியாயமும் உண்டு. மூடிய தொட்டியில் மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு முதலிய அபாயகரமான வாயுக்கள் சேர்வதால், தக்க பாதுகாப்பின்றி மனிதரை உள்ளே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது; அவ்விதம் மாண்டோர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் அளிக்க வேண்டுமென 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை கசடை அகற்றுங்கள். லாரிக்காரரிடம் உரிமம் உண்டா, எங்கே கொட்டுகிறார் என்று கேட்டறியுங்கள். பொது நிலத்தில் கொட்டக் கண்டால், வண்டி எண்ணைக் குறித்து மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள். மாநகராட்சி கண்காணிக்கத்தான் வேண்டும். அதைக் கண்காணிப்பது தங்கள் கடமை.