‘முடிந்தது’ என்று திரையில் வந்தால் முடிந்துவிட்டதா?

கொல்கத்தா சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரானாலும் சென்னை ஓ.எம்.ஆர். ஆனாலும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர்களுக்கு பீஎஸ்கியூஎல் என்ற கருப்புத்திரைக் கருவி கைப்பழக்கம். ஸ்கிரிப்டின் இடையிடையே செய்தி அச்சிட அதில் ‘எக்கோ’ என்ற கட்டளை உண்டு. முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். இவ்வளவு எளிய கட்டளையைப் பற்றியும் தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை: கடைசியில் ‘முடிந்தது’ என்று அச்சானால் வேலை வெற்றி.

உண்மை: ஒரு கட்டளை பிழையானாலும் பீஎஸ்கியூஎல் நிற்காது, அடுத்த வரிக்குப் போய்விடும். அதன் இயல்பே அதுதான். ‘பிகின்’ என்று தொடங்கிய பரிவர்த்தனையின் நடுவில் ஓர் ‘இன்சர்ட்’ தோற்றால், மீதிக் கட்டளைகளைத் தரவுத்தளம் மறுத்துவிடும். இறுதியில் ‘கமிட்’ கொடுத்தாலும் ‘ரோல்பேக்’ என்றுதான் பதில் வரும். அந்தப் பரிவர்த்தனையில் ஒரு வரிசைகூடச் சேர்ந்திருக்காது. ஆனாலும் அதற்கடுத்த எக்கோ ‘முடிந்தது’ என்று அச்சிடும். கருவியும் வெற்றிக்குரிய 0 என்ற குறியீட்டோடு வெளியேறும். இரவில் ஆளில்லாமல் ஓடும் வேலைகளில் இது பெரிய ஆபத்து. ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே ‘ஆன்-எரர்-ஸ்டாப்’ மாறியை இயக்கிவிடுங்கள். பிறகு முதல் பிழையிலேயே ஓட்டம் நிற்கும், வெளியேறும் குறியீடு 3 ஆகும், பொய்ச் செய்தி அச்சாகாது.

நம்பிக்கை: அந்தச் செய்தியைச் சொல்வது தரவுத்தளம்.

எக்கோ சர்வருக்குப் போவதே இல்லை. பயனரின் கணினியில் ஓடும் பீஎஸ்கியூஎல்தான் அதைப் படித்து அச்சிடுகிறது. சர்வரின் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. சர்வரே செய்தி சொல்ல வேண்டுமானால், பீஎல்பிஜிஎஸ்கியூஎல் மொழியின் ‘ரெய்ஸ் நோட்டீஸ்’ இருக்கிறது.

நம்பிக்கை: நேர மண்டலத்தை ‘ஆசியா/கொல்கத்தா’ என மாற்றினால் எக்கோ காட்டும் நேரமும் மாறும்.

பேக்டிக் குறிக்குள் ‘டேட்’ என்று எழுதி எக்கோவிடம் கொடுத்தால் வருவது பயனருடைய கணினியின் நேரம். மண்டல மாற்றம் சர்வருடனான இணைப்பை மட்டுமே பாதிக்கும். மாற்றிய மண்டலத்தின் நேரம் வேண்டுமானால் ‘செலக்ட் நௌ’ என்று சர்வரிடம் கேட்க வேண்டும். நகரத்தின் பெயர் 2001-இல் அதிகாரபூர்வமாக மாறிய பிறகும் ‘ஆசியா/கல்கத்தா’ என்ற பழைய மண்டலப் பெயர் செல்லுபடியாகிறது. எதைக் கொடுத்தாலும் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால்தான்.

வினவல் முடிவுகளைக் கோப்புக்குத் திருப்பினால் எக்கோவும் கூடவே போகும் என்பதும் தவறு. அது திரையிலேயே நிற்கும். கோப்புக்குள் எழுத ‘க்யூஎக்கோ’ வேண்டும். பிழைச் செய்திகள் செல்லும் வழியில் எழுதும் ‘வார்ன்’ கட்டளை, 2020-இல் வெளியான 13-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பீஎஸ்கியூஎல்லுக்கு அது தெரியாது.